செங்கலடி பதுளை ரோட்டு இஞ்சின் கடை: இருந்து ஓட்டுற புல்லு மிசின் செய்வாங்களா? செய்வாங்க

மட்டக்களப்புல, சீட்டுல ஏறி இருந்து ஓட்டுற புல்லு வெட்டுற மிசின் வச்சிருக்கிற ஆக்கள் கனபேர் இல்ல. ஆனா பாசிக்குடா ஹொட்டல்காரர், ஸ்கூல் கிரவுண்ட், எங்கள மாதிரி கிளப்காரர் எண்டு கொஞ்சப்பேராவது இருக்கிறீங்க, அந்தக் கொஞ்சப்பேருக்கும் இத எங்க குடுத்துச் செய்யுற எண்டு தெரியாமத்தான் திரியிறீங்க எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா நாங்களும் அப்பிடித்தான் திரிஞ்சம். அதால இந்தக் கடையப் பத்தி கொஞ்சம் விரிவா எழுதுறன். முதல்லயே சொல்லிடுறன், வேலை நல்லம், ஆனா ஆளுக்கிட்ட வேலை வாங்குறது லேசில்ல.

எங்கட மிசின் சுவிஸ்ல இருக்கிற கிளப் பழைய ஆள் ஒருத்தர் வீட்டுச் சாமானோட சேத்துப் போட்டு அனுப்பினது. ஒத்த சிலிண்டர் பெற்றோல் இஞ்சின், காத்தால குளிர்ற சாதி, சாஃப்ட் நேர கீழ இறங்கும். வந்த புதுசுல நல்லா ஓடிச்சு. மறுகா ஒரு பழக்கம் பிடிச்சுது, ஸ்டார்ட் பண்ணி கிரவுண்ட்ல பாதி வெட்டுறதுக்குள்ள நிண்டுரும், கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்ப நிக்கும். டவுன்ல ஒரு இடத்துல குடுத்தம் (பேர் வேணாம்). அவங்க பார்க்கவே இல்லாம காபரேட்டர் போயிட்டு எண்டாங்க, புதுசு போட்டாங்க, பிளக்கும் மாத்தினாங்க, ஒரு வித்தியாசமும் இல்ல. அடுத்தது கொயில் (பிளக்குக்கு ஸ்பார்க் வர வைக்கிற சாமான்) எண்டாங்க. அதுக்கும் மறுகா இஞ்சினக் கழட்டித்தான் பார்க்கோணும் எண்டு சொன்ன உடன மிசினத் தூக்கிட்டு வந்துட்டம்.

செங்கலடிக் கடையச் சொன்னது வயல் செய்யிற ஒரு சொந்தக்காரர். செங்கலடிச் சந்தியில பதுளை ரோட்டுல திரும்பி கொஞ்சம் உள்ளுக்க போனா இடப்பக்கம் ஒரு தகரக் கொட்டில், போர்டு ஒண்டும் இல்ல, முன்னால லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) ரெண்டு மூணு பிரிச்சுக் கிடக்கும், அதுதான் அடையாளம். தண்ணி பம்ப், தோள்ல போட்டு வெட்டுற புல்லு மிசின், ஜெனரேட்டர் எண்டு சின்ன இஞ்சின் எல்லாம் அங்கதான் வரும். கல்லடியில இருந்து பட்டாவுல (சின்ன லொறி) ஏத்திக் கொண்டு போனம். இருந்து ஓட்டுற மிசினப் பாத்த உடன அங்க நிண்ட விவசாயிமார் எல்லாரும் சுத்தி வந்து ஒருக்கா ஏறி இருந்து பாத்துட்டுத்தான் விட்டாங்க, அது வேற கதை.

இனி விசயத்துக்கு வாறன். கடைப் பாஸ் (மெக்கானிக்) ஸ்பனர் எடுக்கல்ல. முதல்ல கேட்டது ஒரு கேள்வி. "தம்பி, நிக்கக்குள்ள எப்பிடி நிக்குது? சுவிச்ச ஓஃப் பண்ணின மாதிரி டக்கெண்டா, இல்ல கூடிக் குறைஞ்சு இழுத்து இழுத்தா, இல்ல பாரம் தாங்காம முக்கி முக்கியா?" டக்கெண்டு நிண்டா கரண்ட் பக்கம், அதாவது கொயில், வயர், சேஃப்டி சுவிச். இழுத்து இழுத்து நிண்டா பெற்றோல் பக்கம். முக்கி நிண்டா பிளேட்டுக்குக் கீழ ஈரப்புல்லு அடைஞ்சிருக்கும், இல்லாட்டி இஞ்சின் சூடேறி இருக்கும். இவ்வளவுதான் விசயம், ஆனா இத டவுன்ல ஒருத்தரும் கேக்கல்ல. எங்களுக்கு வந்த பிரச்சினை என்னெண்டா நான் இழுத்து இழுத்து நிக்குது எண்டன், கூட வந்த கிரவுண்ட் பார்க்கிற பொடியன் இல்ல அண்ணே டக்கெண்டுதான் நிக்குது எண்டான். அங்கயே ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். பாஸ் சிரிச்சுப்போட்டு அப்ப ரெண்டும் இருக்கும் எண்டாரு. அந்த நேரம் நான் பகிடிக்குச் சொல்லுறாரு எண்டு நினைச்சன்.

பக்கத்துக் காணியில ஓட விட்டாரு. வழக்கம்போல கொஞ்ச நேரத்துல இழுத்து இழுத்து நிண்டுது. உடன போய் பிளக் வயர்ல ஒரு டெஸ்டரக் கொழுவி, செல்ஃப் அடிக்கச் சொன்னாரு, ஸ்பார்க் நல்லா வருது. மறுகா பெற்றோல் டேங்க் மூடியத் திறந்தாரு, உஸ்ஸெண்டு காத்து உள்ளுக்க இழுத்த சத்தம் எங்களுக்கே கேட்டுது. மூடியத் திரும்ப லூசா வச்சு ஸ்டார்ட் பண்ணினா உடனயே பிடிச்சுது. காத்திருக்கத் தேவையே இல்ல.

இது ஏனெண்டு அவர் விளங்கப்படுத்தினது எனக்கு சரியாப் பிடிச்சுது. டேங்க் மூடியில காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கு. பெற்றோல் கீழ இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து வரோணும். ஓட்டை அடைச்சா, மூடின போத்தலுக்குள்ள ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சிற கணக்குத்தான், கொஞ்சம் வரும் மறுகா வராது. இஞ்சின் நிண்டு ஆறுற நேரத்துல காத்து மெல்ல மெல்லக் கசிஞ்சு உள்ளுக்க போயிரும், அதால திரும்ப ஸ்டார்ட் ஆகும். பாக்கிறவனுக்கு சூடேறினா நிக்குது ஆறினா ஓடுது எண்டு தோணும், கொயில்தான் எண்டு முடிவு கட்டுவான். உண்மையில கொயிலும் அப்பிடித்தான் பழுதாகும், உள்ளுக்க இருக்கிற கம்பி சூட்டுல விட்டுப்போய் ஆறினா திரும்ப ஒட்டும். ரெண்டும் ஒரே குணம். அதப் பிரிச்சுப் பார்க்கிற வழி, நிண்ட அந்த நிமிசத்துல ஆற விடாம பார்க்கிறதுதான். அந்த நேரம் ஸ்பார்க் இல்லையெண்டா கொயில். ஸ்பார்க் இருந்து, மூடியத் திறந்த உடன ஓடினா மூடி. ஆறின மிசினக் கடைக்குக் கொண்டு போய் வச்சா எந்த மெக்கானிக்குக்கும் ஒண்டும் பிடிபடாது. (சுடச்சுட இருக்கிற இஞ்சினுக்குப் பக்கத்துல பெற்றோல் மூடி திறக்கிற வேலைய வீட்டுல பீடி பத்திக்கொண்டு செய்யாதீங்க.)

மூடியக் கழட்டிக் காட்டினாரு, தூசும் எண்ணெயும் சேந்து இறுகிப்போய் இருந்துது. பெற்றோல்ல ஊறவச்சு கம்ப்ரஸர் காத்தால அடிச்சாச்சு. அதோட இஞ்சினுக்கு மேல இருக்கிற தகரக் கவரையும் கழட்டினாரு, நான் அதக் கேக்கவே இல்ல. சிலிண்டரச் சுத்தி இருக்கிற தகடுகளுக்கு நடுவுல காஞ்ச புல்லு கெட்டியா அடைஞ்சு கிடந்துது. காத்தால குளிர்ற இஞ்சினுக்கு அந்த இடைவெளிதான் மூச்சு. அதையும் அடிச்சுத் துப்புரவாக்கினாரு. காபரேட்டருக்குக் கீழ இருக்கிற சொலினோய்ட் சாவி போடக்குள்ள டிக்கெண்டு அடிக்குதா எண்டு காத வச்சுக் கேட்டாரு, பெற்றோல் பில்டர் பாத்தாரு, பெற்றரி சார்ஜ் ஆகுதா எண்டு மீட்டர் வச்சாரு. அதெல்லாம் சரி.

நாங்க முடிஞ்சுது எண்டு பட்டாவுக்கு போன் போடப் போக, பாஸ் விடல்ல. பொடியன ஏத்தி ஓட்டச் சொன்னாரு, பள்ளம் திட்டி இருக்கிற பக்கமாப் போகச் சொன்னாரு. பிளேட்டப் போட்டுட்டு ரெண்டு குலுக்கல்தான், டக். நிண்டுட்டு. "வழமையா ஆரு ஓட்டுற?" எண்டு கேட்டாரு. பொடியன் எண்டம். பொருளாளர் ஓட்டினா நிக்குமா எண்டு கேட்டாரு, ஏனெண்டா எங்கட பொருளாளரும் வந்து அங்கதான் நிண்டவரு, நல்ல உடம்பு. யோசிச்சுப் பாத்தா அவர் ஓட்டக்குள்ள ஒருநாளும் டக்கெண்டு நிண்டதே இல்ல. சீட்டுக்குக் கீழ ஒரு சுவிச் இருக்கு, ஆள் இருந்தா அமுங்கும், பிளேட் சுத்தக்குள்ள ஆள் எழும்பினா கொயில எர்த் பண்ணி இஞ்சின நிப்பாட்டிரும். எங்கட மிசின்ல சீட் பிடிச்சிருக்கிற இரும்பு தேஞ்சு சுவிச் அரைகுறையாத்தான் அமுங்குது, வயர் முனையும் கடல் காத்துக்குப் பச்சை பூத்திருக்கு. மெலிஞ்ச பொடியன் ஒருக்கா துள்ளினா மிசினுக்கு ஆள் இறங்கிட்டான் எண்டு கணக்கு. பொருளாளர் துள்ள மாட்டாரு. அப்பத்தான் ரெண்டும் இருக்கும் எண்டு சொன்னது பகிடி இல்ல எண்டு விளங்கினது.

இந்த இடத்துலதான் எனக்கு இவர்ல மரியாதை கூடினது. பொருளாளர் சொன்னாரு, அந்த சுவிச்ச வெட்டி டிரெக்டா விட்டுருங்க பாஸ், தொல்லை முடியும் எண்டு. மாட்டன் எண்டுட்டாரு. ஆள் விழுந்தா பிளேட் நிக்காது, காலுக்குக் கீழதான் பிளேட், அப்பிடி வேணுமெண்டா வேற ஆளப் பாருங்க எண்டு நேர சொல்லிட்டாரு. இரும்பக் கொஞ்சம் வளைச்சு வொஷர் வச்சு உயரத்தச் சரியாக்கி, வயர் முனைய வெட்டிப் புதுசு போட்டுத் தந்தாரு. மறுகா பொடியன் எப்பிடித் துள்ளினாலும் நிக்கல்ல, வேணுமெண்டு எழும்பினா மட்டும் நிக்கிது, அதுதானே வேணும்.

கூலி 4500 ரூபா எடுத்தாரு, சாமான் காசும் அதுக்குள்ளயே. டவுன்ல காபரேட்டருக்கு மட்டும் குடுத்தத நினைச்சா வயிறு எரியுது, அத விடுங்க.

குறையும் சொல்லோணும். நேரம் எண்டுறது அங்க இல்ல. பின்னேரம் வாங்க எண்டா அது எந்த நாளைக்குப் பின்னேரம் எண்டு நீங்கதான் கண்டுபிடிக்கோணும். மாசி பங்குனியில பெரும்போக வெட்டு நேரம் போனா உங்கட புல்லு மிசினத் திரும்பியும் பாக்க மாட்டாரு, வயல்காரர்தான் முதல், அது நியாயம்தான் எண்டாலும் ஹொட்டல்காரருக்கு அது விளங்காது. பில் கேட்டா துண்டுக் கடதாசியில எழுதித் தருவாரு, கிளப் கணக்குக்கு அதக் காட்டி பொருளாளர் பட்ட பாடு தனி. இந்தச் சாதி மிசினுக்குச் சாமான் ஒண்டும் கடையில இருக்காது. இஞ்சின் கவர்ல அடிச்சிருக்கிற மொடல், டைப், கோட் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கொள்ளுங்க, கொழும்புல தேடினாலும் வெளிநாட்டுல இருந்து எடுப்பிச்சாலும் அந்த நம்பர் இல்லாம சரியான சாமான் வராது. கொழும்புல சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போறதுக்கு முதல் இவருக்கிட்ட ஒருக்கா காட்டுங்க, பழசச் சரிப்பண்ணித் தர ஏலுமெண்டா அதத்தான் செய்வாரு.

போகக்குள்ள ஒண்டு சொல்லி விட்டாரு, மழை முடிஞ்சு வெயில் காலத்துல புல்லு காஞ்சு மிசின் மாசக்கணக்கா நிக்கிற ஊர் இது, நிப்பாட்டுறதுக்கு முதல் டேங்க் பெற்றோல வேற பாவனைக்கு எடுத்துட்டு, காபரேட்டர்ல மிஞ்சினது முடியுமட்டும் ஓட விடச் சொல்லி. பழைய பெற்றோல் பிசினாகி ஜெட்ட (காபரேட்டர்ல பெற்றோல் போற சின்ன ஓட்டை) அடைச்சா அது உண்மையான காபரேட்டர் வேலை. 2022ல பெற்றோல் கியூவுல நிண்ட நாளையில இருந்து கேன்ல சேத்து வைக்கிற பழக்கம் எங்கட ஆக்களுக்கு இன்னும் போகல்ல, ஒண்டு ரெண்டு மாசத்துக்கு மேல கிடந்தத மிசினுக்கு ஊத்த வேணாமாம்.

ஐஞ்சுக்கு நாலு குடுப்பன், ஒண்டு நேரத்துக்காகக் குறைச்சது. ஞாயிறு பூட்டு. போன் எடுக்க மாட்டாரு, காலையில எட்டரைக்குப் போனா ஆளப் பிடிக்கலாம். மிசின் ஓட்டுறவரையும் கூட்டிக்கொண்டு போங்க.