சக்‌ஷன் ரோலா, கிரூவ் ரோலா, ஷூ பிரஸ்ஸா?

மதுரை அப்பளமும் சிவகாசிப் பட்டாசும் வெளியூர் போவதே அட்டைப்பெட்டியில்தான். அந்தப் பெட்டிக்கான கிராஃப்ட் தாளைப் பழைய அட்டையைக் கரைத்து ஓட்டும் சிறிய ஆலைக்காரர், ஈரத்தாளை இரண்டு உருளைகளுக்கு (ரோல்களுக்கு) நடுவே பிழியும் பிரஸ்ஸை மாற்ற நினைத்தால், ஆளுக்கொரு ரோலைச் சிபாரிசு செய்வார்கள்.

பணம் போகும் இடத்தை முதலில் பார்த்துவிடலாம். கூழ் தாளாகப் படியும் வலையான வயரை விட்டு இறங்கும் தாளில் சுமார் 20 சதவீதம்தான் நார், மற்றதெல்லாம் தண்ணீர். பிரஸ் அதை 40க்கு ஏற்றினால், ஒரு கிலோ நாரோடு ஒன்றரை கிலோ தண்ணீர் நீராவியில் உலர்த்தும் டிரையருக்குப் போகும். 45க்கு ஏற்றினால் 1.2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த இடைவெளி முழுக்க பாய்லரில் எரியும் சீமைக்கருவேல விறகு. பிரஸ்ஸில் ஒரு சதவீதம் கூடினால் நீராவி ஏறத்தாழ 4 சதவீதம் மிச்சம் என்று ஆலைக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

வழவழப்பான ரோலில் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தாளோடு சேர்ந்து ஓடும் கம்பளத் துணியான ஃபெல்ட்டுக்குள்ளேயே பின்னோக்கி ஓடியாக வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் ரோல்கள் தொடும் இடமான நிப்பில் கூழ் ஒதுங்கி, தாளில் மேகத் திட்டு விழும். எனவே இதை விட்டுவிடுவோம்.

சக்‌ஷன் ரோலின் ஓட்டில் ஆயிரக்கணக்கான துளைகள், உள்ளே காற்றை உறிஞ்சும் வேக்கம் பெட்டி. நிப்பில் பிழியப்பட்ட நீர் ஃபெல்ட்டைக் கடந்து நேராகத் துளைக்குள் இறங்கும். ஈரம் அதிகமுள்ள முதல் பிரஸ்ஸில் இதன் வேலை சுத்தம்தான். ஆனால் வேக்கம் பம்ப் கரண்ட் தின்னும், காற்றுக் கசிவை அடைக்கும் சீல் தண்ணீரும் கேட்கும். வைகையில் மணல் மட்டும் ஓடும் மாதங்களில் அது சின்னச் செலவில்லை. துளை போட்ட ஓடு நாளடைவில் விரிசல் விடும், காதைக் கிழிக்கும் விசில் வேறு.

கிரூவ் ரோலில் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம், இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்தில் காடி (பள்ளக் கோடு) வெட்டியிருப்பார்கள், அங்குலத்துக்கு எட்டு. ஃபெல்ட்டில் எந்தச் சொட்டும் பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்குமேல் நகர வேண்டாம், ஏதாவதொரு காடி வந்துவிடும். பம்ப் கிடையாது, விசிலும் கிடையாது. ரோலை வழிக்கும் டாக்டர் பிளேடை ஒழுங்காக வைத்தால் நீர் வழிந்து தட்டில் விழும். ரப்பர் உறை மிருதுவாக இருந்தால் பாரத்தில் காடியின் வாய் மூடிக்கொள்ளும் என்பதால், விலை பேசும்போதே உறையின் கடினத்தையும் கேளுங்கள். மெதுவாக ஓடும் மெஷினுக்கு, அடிமூடிய துளை ரோலைவிட இதுவே மேல். அந்தத் துளைகளிலிருந்து நீர் வெளியே சிதற வேகம் வேண்டும், காடிக்கு அவ்வளவு தேவையில்லை.

மேல் ரோல் தனிக் கதை. ஈரத்தாள் ஒட்டாமல் உரிந்து வருவதற்காகப் பல காலம் கிரானைட்டில்தான் செய்தார்கள். கருங்கல்லென்றால் எதையும் தாங்கும் என்று மேலூர்ப் பக்கத்தில் நினைக்கலாம், ஆனால் திடீர்ச் சூட்டில் அது வெடிக்கும்.

ஷூ பிரஸ் வேறு ரகம். இரண்டு உருளைகள் தொடும் நிப் சில சென்டிமீட்டர்தான். ஒரு உருளைக்குப் பதிலாக வரும் குழிவான அழுத்துகட்டையான ஷூ, எதிர் ரோலோடு பொருந்தும் நிப்போ 25 சென்டிமீட்டர். அழுத்தம் நிதானமாக ஏறுவதால் தாள் நசுங்காது, 50 சதவீதம் வரைக்கும் எட்டலாம். 1980களின் தொடக்கத்தில் அட்டைத்தாள் மெஷினில்தான் முதலில் பிடித்தது. என்றாலும் எண்ணெய் அமைப்பு, ஷூவைச் சுற்றி ஓடும் ஸ்லீவ், ஹைட்ராலிக் எல்லாம் சேர்த்தால், நாளுக்கு ஐம்பது அறுபது டன் ஓட்டுபவருக்கு விறகு மிச்சத்தில் கடன் அடைபடாது என்பது என் கணிப்பு. அவருக்கு இரண்டு நிப்பிலும் கிரூவ் ரோல் போதும். முதல் பிரஸ்ஸில் சக்‌ஷன் ஏற்கெனவே இருந்தால் ஓடும்வரை ஓடட்டும், புதிதாக வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும், நிப்பைத் தாண்டிய தாளை ஃபெல்ட்டோடு நெடுந்தூரம் ஓட விடாதீர்கள். பிழிந்த வேட்டியை ஈரத் துண்டின் மேல் போட்டதுபோலத் தாள் மறுபடி குடித்துவிடும். அப்புறம், பழைய பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப்பின் பசை ஃபெல்ட்டையும் காடியையும் அடைக்கும். உயர் அழுத்த ஊசி ஷவர் அதற்குத்தான். ஷவர் தண்ணீரை வடிகட்டி விடுங்கள். ஒரு நாசில் அடைத்தாலும் அதற்கு நேராகத் தாளில் ஈரக்கோடு ஓடும்.