ஹீலராக ஆட எந்த கேம்? கடலூரிலிருந்து பார்த்தால்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகள் ஃபோனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது ஒரே வேலையைத்தான் செய்வாள். கூட ஆடுபவர் யாராவது அடிபட்டு விழுந்தால், புகைக்குண்டு வீசிவிட்டு ஓடிப்போய்த் தூக்கிவிடுவாள். எத்தனை பேரைச் சுட்டோம் என்று கணக்குப் பார்த்ததே கிடையாது. பி.காம். முடித்து லேப்டாப் வாங்கியதும் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இப்படித் தூக்கிவிடறதையே முழுநேர வேலையா வச்சு ஆடற மாதிரி பெரிய கேம் எது? நீ ஹீலர்தானே, சொல்லேன்."

மஞ்சக்குப்பத்தில் என் அறையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக ஹீலர் ஆடுகிறேன். இருந்தும் அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கூட்டாளிகளுக்கு உயிர் ஏற்றிக் காப்பாற்றுபவருக்கு ஹீலர் என்பது ஒரே பெயர். கேமுக்கு கேம் அதன் வேலை வேறு. ஒன்றில் கண் எப்போதும் கூட்டாளிகளின் உயிர்க்கோடுகள் மேலேயே இருக்கும். இன்னொன்றில் பாஸ் என்ற பெரிய எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மற்றொன்றில், யார் மீதும் அடி விழுவதற்கு முன்பே உங்கள் வேலையில் பாதி முடிந்திருக்கும்.

இதோடு நம் ஊர் இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் சொல்லப்போகிற பெரிய கேம்கள் எதற்கும் இந்தியாவில் சர்வர் கிடையாது. ஜப்பான், சிட்னி, ஐரோப்பா, அமெரிக்கா என்று எங்காவது போய்த்தான் ஆட வேண்டும். என் இணைப்பில் பிங், அதாவது நான் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், நல்ல நாளில் 150 மில்லிசெகண்டை ஒட்டி நிற்கும். மழை பிடித்தால் அதுவும் நிலையில்லை. அடிக்கிறவருக்கு இந்தத் தாமதத்தால் கொஞ்சம் டேமேஜ் குறையும், அவ்வளவுதான். ஹீலருக்கு அப்படியில்லை. நான் பட்டனை அழுத்தியது அங்கே போய்ச் சேர்வதற்குள் டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவன்) செத்திருப்பான். அதனால் நான் எந்த கேமையும் முதலில் ஒரே கேள்வியால்தான் எடைபோடுவேன்: இதில் வரப்போகும் அடியை முன்கூட்டியே அறிய முடியுமா, விழுந்த பிறகுதான் ஓட வேண்டுமா? முன்கூட்டி அறிய முடிந்தால் கடலூரிலிருந்தும் நல்ல ஹீலராக இருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு மிக நன்றாக விடை சொல்லும் கேம் ஃபைனல் ஃபேன்டஸி 14. 2010-ல் முதலில் வந்தபோது தோற்றுப்போய், நவோகி யோஷிதாவின் தலைமையில் மறுபடி கட்டி எழுப்பப்பட்டு 2013-ல் திரும்பி வந்தது. நாலு பேர் பார்ட்டியில் (குழுவில்) ஒரு ஹீலர், எட்டுப் பேர் பார்ட்டியில் இரண்டு ஹீலர் என்று இடம் நிச்சயம். சண்டையின் பெரிய அடிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் வரும். இரண்டு முறை செத்தால் மூன்றாம் முறை கை தானாகத் தயாராகிவிடும். இதன் அடிப்படைத் தாளம் 2.5 விநாடிக்கு ஒரு மந்திரம். இந்த நிதானம் தூரத்திலிருந்து ஆடுபவருக்குப் பெரிய வரம்.

ஆனால் இரண்டு இடத்தில் பிங் கடிக்கும். தரையில் ஆரஞ்சு வட்டம் வந்தால், பாஸின் மந்திரம் தயாராவதைக் காட்டும் கோடு நிரம்பும் நொடியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை சர்வர்தான் முடிவு செய்கிறது. உங்கள் திரையில் வெளியே வந்துவிட்டது போலத் தெரியும், அங்கே உள்ளேதான் நிற்பீர்கள். ஆகவே மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பப் பழக வேண்டும். அடுத்தது, இரண்டு மந்திரத்துக்கு நடுவே இரண்டு உடனடித் திறன்களைச் செருகுவது. ஜப்பானில் இருப்பவர் அதைச் சுலபமாகச் செய்வார். நமக்கு ஒன்றுதான் வசதியாகச் செருக வரும். நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அதனால் எந்த டன்ஜனும் (சிறு குழுவாகப் போய் முடிக்கும் குகைச் சண்டை) கெட்டதில்லை.

இதில் நாலு வகை ஹீலர் உண்டு. வெள்ளை மந்திரவாதியான ஒயிட் மேஜ் அடி விழுந்த பின் குணப்படுத்துவதில் கெட்டிக்காரர். சண்டையில் 20 விநாடிக்கு ஒரு லில்லிப் பூ சேரும். அதைச் செலவழித்தால் மானா என்ற மந்திர சக்தி செலவில்லாமல் உடனே ஹீல் போகும். மூன்று பூ செலவானதும் பெரிய அடி ஒன்று கைக்கு வரும். ஸ்காலருக்கு ஒரு தேவதை துணை. அடி வருவதற்கு முன்பே கவசம் போடுவது அவர் பாணி. ஆஸ்ட்ரோலோஜியன் சீட்டு போட்டுக் கூட்டாளிகளின் பலத்தை ஏற்றுவார். சேஜ், எதிரியை அடித்தபடியே ஒருவருக்கு உயிர் கொடுப்பார். புதியவர் கான்ஜரராகத் தொடங்கி 30-ஆம் லெவலில் ஒயிட் மேஜ் ஆவதே நல்ல பாதை. கவசத்தைச் சரியான நேரத்தில் போட, அடி எப்போது வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். புதியவருக்கு அது தெரியாது.

காசு விஷயத்திலும் இது தாராளம். இலவச டிரையலில் 70-ஆம் லெவல் வரை, ஹெவன்ஸ்வார்ட், ஸ்டார்ம்பிளட் இரண்டு விரிவாக்கங்களோடு, நாள் கணக்கு இல்லாமல் ஆடலாம். டிரையலில் இருப்பவர் தானாகப் பார்ட்டி தொடங்க முடியாது, கில்ட் என்ற ஆட்டக்காரர் சங்கத்தில் சேர முடியாது. யாராவது அழைத்தால் பார்ட்டியில் சேரலாம். ஒருமுறை பணம் கட்டி முழுக் கணக்காக மாற்றிவிட்டால் டிரையலுக்குத் திரும்ப வழியில்லை. அவசரப்பட்டு மாற்றிவிட்டு மாதச் சந்தாவைப் பார்த்து முழித்தவர்களை எனக்குத் தெரியும். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வாங்கினால் பின்னால் வரும் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நேரக் கணக்கு இன்னொரு சௌகரியம். ஜப்பானில் இரவு 9 மணி என்றால் நமக்கு மாலை 5.30. அங்கே கூட்டம் களைகட்டும் நேரமும் நாம் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரமும் பொருந்துகின்றன. ஐரோப்பிய சர்வர் என்றால் அங்கே இரவு 8 மணிக்கு நமக்கு நள்ளிரவு ஆகியிருக்கும். ஜப்பான் பக்கம் டான்பெரி என்ற உலகில் (சர்வரில்) ஆங்கிலம் பேசும் தென்கிழக்கு ஆசியக்காரர்கள் நிறைய. மற்றவர்களோடு பேச, கேமிலேயே தயார் வாக்கியங்கள் உண்டு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அவரவர் மொழியில் அவரவருக்குத் தெரியும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கற்றுத் தேர்ந்த பிறகு ஹீலருக்கு வேலை குறைந்துவிடுகிறது. பார்ட்டி ஒழுங்காக ஆடினால், மீதி நேரம் முழுக்க ஒரே தாக்குதல் மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். 2024-ல் டான்ட்ரெயில் விரிவாக்கம் வரும் நேரத்தில் ஹீலர்கள் வேலைநிறுத்தம் என்றே குரல் எழுப்பினார்கள். அந்தக் குரல் நியாயமானது என்பதே என் எண்ணம்.

வேலை குறையாத கேம் வேண்டும் என்றால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004-லிருந்து ஓடுகிறது. ஹீலர் தொழிலின் ஆழம் இதில்தான் அதிகம் என்று மனமார நம்புகிறேன். ட்ரூயிட், ஷாமன், பாலடின், மாங்க், எவோக்கர் ஆகியோருக்கு ஒவ்வொரு ஹீலர் பாணி, ப்ரீஸ்டுக்கு மட்டும் இரண்டு, ஆக ஏழு. ஏழும் ஏழு விதமாக ஆடும். டிசிப்ளின் ப்ரீஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கூட்டாளிகள் மேல் அடோன்மென்ட் என்ற மந்திர விளைவைப் பரப்பிவிட்டு, பிறகு எதிரியை அடிக்க வேண்டும். அடித்த அடி அத்தனை பேருக்கும் உயிராகப் போய்ச் சேரும். எண்ணிச் செய்தால் அதுபோல ஒரு திருப்தி வேறெதிலும் இல்லை. பிசகினால் கூட்டமே சரிந்துவிடும்.

ஆனால் என் முதல் கேள்விக்கு இது தரும் விடை கலவையானது. பெரிய கூட்டமாகப் போகும் ரெய்டில் முன்யோசனை எடுபடும். ஆனால் 2016-ல் லீஜியன் விரிவாக்கத்தோடு வந்த மித்திக் பிளஸ் டன்ஜனில் ஐந்து பேருக்கு நீங்கள் ஒருவரே ஹீலர், கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கமிருந்து யார் மேல் அடி விழும் என்று சொல்ல முடியாது. கூட்டாளி மீது விழுந்த சாபத்தை நீக்க வேண்டும், எதிரியின் மந்திரத்தைச் சிலநேரம் நீங்களே தடுக்க வேண்டும். இங்கே 150 மில்லிசெகண்ட் உறுத்தும். சிட்னியில் 2014 முதல் சர்வர் உண்டு, அமெரிக்கப் பிரிவோடு சேர்ந்தது. ஆனால் சிட்னியின் இரவு 8 மணி நமக்குப் பிற்பகல். வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்?

அப்படியும் இதைத்தான் ஆடுவேன் என்பவர் ரெஸ்டோரேஷன் ட்ரூயிட் எடுக்கட்டும். ரெஜுவனேஷன் மாதிரி மெல்ல மெல்ல உயிர் ஊறவைக்கும் மந்திரங்களை முன்பே விதைத்துவிடலாம். தாமதம் அவ்வளவாகத் தெரியாது. கூட்டாளியின் கோட்டின் மேல் மவுஸை வைத்து நேரடியாக மந்திரம் போடும் வசதி கேமிலேயே இருக்கிறது. முதல் நாளே அதை அமைத்துவிடுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பிறகு பட்டன் அழுத்தும் இரட்டை வேலை நமக்குக் கட்டாது. 20-ஆம் லெவல் வரை இலவசம், பிறகு சந்தா.

கில்ட் வார்ஸ் 2 முற்றிலும் வேறு குணம். 2012-ல் வந்தபோது டேங்க், ஹீலர் என்ற பிரிவே வேண்டாம் என்றுதான் தொடங்கினார்கள். எல்லோருக்கும் 6-ஆம் பட்டனில் சொந்த ஹீல் உண்டு, எல்லோரும் உருண்டு தப்பலாம், விழுந்தவரை யாரும் தூக்கிவிடலாம். 2015-ல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் விரிவாக்கம் ரெய்டுகளையும் ட்ரூயிட் என்ற ஹீலர் வகையையும் கொண்டுவந்த பிறகுதான் ஹீலருக்கு முறையான இடம் கிடைத்தது. இன்றும் இதில் ஹீலரின் முதல் கடமை பலம் கொடுப்பது. குயிக்னஸ் கொடுத்தால் கூட்டாளிகளின் கை வேகம் கூடும், அலாக்ரிட்டி கொடுத்தால் அவர்களின் திறன்கள் சீக்கிரம் திரும்பி வரும். பத்துப் பேர் ரெய்டு என்றால் ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐவருக்கும் இவை இரண்டும் விடாமல் கிடைக்கும்படி ஆள் வைப்பார்கள். பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவர்தான் ஹீலரும்.

ஒருவரைக் குறிவைத்து ஹீல் போடும் பழக்கம் இங்கே உதவாது. பெரும்பாலான ஹீல் உங்களைச் சுற்றி, அல்லது தரையில் ஓர் இடத்தில் விழும். எங்கே நிற்கிறீர்கள் என்பதே திறமை. பலம் ஏற்றும் வேலைக்குத் தாமதம் பெரிய பகை கிடையாது. உருண்டு தப்புவதற்குத்தான் பகை. மாதச் சந்தா இல்லை. 80-ஆம் லெவல் உச்சவரம்பு தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஏறவே இல்லை, அதனால் ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் உங்கள் பழைய கவசம் செல்லும். முதன்மைக் கேம் இலவசம்தான். ஆனால் முழு ஹீலராக ஆடத் தேவையான ட்ரூயிட், ஃபயர்பிராண்ட் போன்றவை விரிவாக்கம் வாங்கினால்தான் கிடைக்கும்.

எனக்கு இது பிடித்துப்போனதற்கு நம் கரையின் பருவமழையும் காரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது இரண்டு ஊரும் என்ன பாடுபட்டன என்று நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரமே மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. நாலு பேர் பார்ட்டியில் ஹீலர் திடீரென்று மறைந்தால் மற்ற மூவரும் செத்தார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி லேசில் போகாது. கில்ட் வார்ஸின் திறந்தவெளியில் ஐம்பது பேர் ஒரு பெரிய பாஸைச் சுற்றி நிற்கும்போது, நான் பலம் கொடுத்தபடி நிற்பேன். லைன் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் அங்கேதான் இருப்பேன். மற்ற மாதங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மோடத்துக்கென்று தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் போடாமல் ஹீலர் ஆடாதீர்கள்.

லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஆல்பியன் ஆன்லைன். 2021 முதல் ஃபோனிலும் ஓடுகிறது, இலவசம். 2023-ல் ஆசியாவுக்கென்று தனி சர்வர் வந்தது. மேலே சொன்னவற்றில் பாதி பிங்கூட ஆகாது. இதில் வகுப்பு என்று எதுவும் கிடையாது, கையில் எடுக்கும் ஆயுதமே உங்கள் தொழில். ஹோலி ஸ்டாஃப் எடுத்தால் ஒருவருக்குச் சட்டென்று பெரிய ஹீல், நேச்சர் ஸ்டாஃப் எடுத்தால் ஊறும் ஹீல். ஆனால் சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் செத்தால் போட்டிருக்கும் எல்லாம் பறிபோகும். எதிரிகளும் மனிதர்கள், அவர்கள் முதலில் தேடுவது ஹீலரைத்தான். அந்தப் படபடப்பு பிடிப்பவர்களுக்கு இது சொர்க்கம். என் தங்கைக்குப் பிடிக்காது என்று உடனே தெரிந்துவிட்டது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ரெஸ்டோரேஷன் ஸ்டாஃப் எடுத்தால் எந்த வகுப்பும் ஹீலராகலாம். கதை கேட்டுக்கொண்டே சுற்றித் திரிய அருமையான இடம். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆடும், டிரையல் என்று பெயர் வைத்த பெரிய சண்டையும் உண்டு. ஆனால் இங்கிருந்து அதன் சர்வர்கள் தூரம், சண்டையோ கைவேகம் கேட்கும். லாஸ்ட் ஆர்க்கில் இசைக்கருவி ஏந்திய பார்ட் என்ற பாத்திரம் எனக்குப் பிடிக்கும். நிரம்பிய இசையைக் கூட்டத்தின் உயிருக்குத் தருவதா, தாக்கும் பலத்துக்குத் தருவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். தினமும் உட்கார்ந்து கவசத்தை மெருகேற்ற நேரம் உள்ளவர்களுக்கு மட்டும்.

இவ்வளவையும் அவளிடம் சொன்னபோது ஒரே கேள்வி கேட்டாள்: "தப்பு பண்ணா யாராச்சும் திட்டுவாங்களா?" இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். வார்கிராஃப்டில் 2024 முதல் கேமே ஓட்டும் துணைவர்களோடு டன்ஜன் போகும் வழி வந்திருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸியில் டியூட்டி சப்போர்ட் என்று அதே வசதி, முதல் டன்ஜனிலிருந்தே இருக்கிறது. மனிதர்களோடு போகும்போதும், பார்ட்டியில் முதல்முறை வருபவர் இருந்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு உண்டு. புதியவரைக் கண்டால் மற்றவர்கள் மகிழ அதுவும் ஒரு காரணம்.

டான்பெரியில் கான்ஜரராகத் தொடங்கினாள். முதல் டன்ஜனான சஸ்தாஷா குகைக்கு முதலில் துணைவர்களோடு மூன்று முறை போய்ப் பழகிவிட்டு, நாலாம் முறை மனிதர்களோடு போனாள். மாலை ஆறரை மணி இருக்கும். டேங்கின் உயிர் நூலிழைக்கு வந்து, இவள் ஹீல் போய்ச் சேர்ந்து பிழைத்துவிட்டான். முடிவில் அவன் தயார் வாக்கியத்தில் நன்றி சொன்னதை ஃபோனில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "அண்ணா, உன்னைப் பார்ட்டிக்குக் கூப்பிட முடியலன்னு வருது. நீ என்னைக் கூப்பிடு, இன்னொரு தடவை போலாம்."