விண்டோஸ் 10 கணினி: ஓராண்டு நீட்டிப்பா, 11-ஐத் திணிப்பதா, லினக்ஸ் மின்ட்டா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் காலையில் எந்தக் கணினியும் படுத்துவிடவில்லை. சிக்கலே அதுதான். எல்லாம் வழக்கம்போல ஓடுகிறது, அதனால் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றுகிறது.

நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், உள்ளே ஒரு எஸ்எஸ்டி என்று ஒரு மடிக்கணினியை மனதில் வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. இதற்கு நான் தேர்ந்தெடுத்தது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக ஏற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன், தகுதியில்லை என்பது நிஜம்தானா என்று பார்த்துவிடுங்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, இவையும் இவற்றுக்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருந்தால் "தகுதியில்லை" என்றே காட்டும். இன்டெல் பலகையில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது ஒளிந்திருக்கும். அதை இயக்கிவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். தேறிவிட்டால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

"ஆன்டிவைரஸ் இருக்கிறதே, போதாதா?" விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளக் கோப்புகள் 2028 அக்டோபர் வரை வரும். எட்ஜ் பிரவுசருக்கும் குறைந்தது அதுவரை அப்டேட் உண்டு. நல்ல சேதிதான். ஆனால் ஆன்டிவைரஸ் பிடிப்பது தெரிந்த தீநிரலை. இயங்குதளத்தின் கருவில், எழுத்துருவைப் படிக்கும் பகுதியில், கோப்புப் பகிர்வில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. திருடனின் புகைப்படத்தை வாசலில் ஒட்டிவிட்டுப் பூட்டு இல்லாத கதவைச் சாத்தி வைப்பது போல. இன்னொன்று: விண்டோஸ் 11-க்கு மாதாமாதம் வரும், ஓட்டையை அடைக்கும் பேட்சைப் பிரித்துப் பார்த்தாலே எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். அதே நிரல் 10-லும் இருந்தால், அங்கே அந்த ஓட்டை திறந்தபடியே கிடக்கும்.

இப்போது இந்த ஒப்பீட்டைத் தீர்மானிக்கும் விஷயம். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது பெரும்பாலும் மாட்டிக்கொண்டவை எக்ஸ்பி கணினிகள் என்றுதான் பலருக்கும் நினைவு. உண்மையில் அதிகம் அடிவாங்கியது விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, ஓட்டையை அடைக்கும் பேட்சும் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. வந்த பேட்ச் அந்தக் கணினிகளில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆகவே "இதற்கு அப்டேட் கிடைக்குமா?" என்று கேட்டு நிறுத்தினால் பாதிக் கேள்விதான். யாரும் நினைவு வைத்துக்கொள்ளாமலே அது தானாக ஏறுமா, எத்தனை வருடத்துக்கு ஏறும்? இந்தத் தராசில்தான் ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்கிறேன்.

நீட்டிப்புத் திட்டம்

ஆதரவு முடிந்தபின்னும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு பாதுகாப்புப் பேட்ச் தரும் திட்டம் இது. இருப்பதில் சுலபமானதும் இதுதான். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்வதற்கான இணைப்பு இருக்கும். மூன்று வழிகள்: விண்டோஸ் பேக்கப் மூலம் அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம், ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுக்கலாம், அல்லது 30 டாலர் கட்டலாம். ஒரு பதிவை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் நடக்காது, லோக்கல் கணக்கை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது ஓர் உறுத்தல்.

பேட்ச் தானாக ஏறும், அதில் குறையே இல்லை. குறை ஆயுளில். வீட்டுப் பயனர்களுக்கு அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. ஆக, இது முடிவெடுக்க வாங்கும் வாய்தா. வாய்தாவுக்கு வாய்தா நல்லதுதான். கணக்கு வழக்கு முடிக்கும் நேரத்தில் இயங்குதளத்தை மாற்றாமல் ஆறு மாதம் தள்ளிப்போட இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-ஐத் திணிப்பது

இயங்குதளத்தை நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் இலவசக் கருவியான ரூஃபஸைப் பயன்படுத்தினால், டிபிஎம், செக்யூர் பூட், ரேம் சோதனைகளை நீக்கவா என்று அதுவே கேட்கும். டிக் செய்தால் ஏறிவிடும். ஏறியபின் மாதாந்தரப் பேட்சுகளும் நடைமுறையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தகுதியற்ற கணினிக்கு அப்டேட் பெறும் உரிமை கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. இன்று வருவது நாளை நின்றால் கேட்க முடியாது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஹோம், புரோ பதிப்புகளில் ஒவ்வொரு வருடாந்தர வெளியீட்டுக்கும் 24 மாதம்தான் ஆயுள். தகுதியுள்ள கணினியில் அடுத்த பதிப்பு தானாக ஏறிவிடும். தகுதியற்றதில் பொதுவாக அது வருவதே இல்லை. 23எச்2-இன் ஆயுள் 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. 24எச்2-இன் ஆயுள் முடிவது 2026 அக்டோபர் 13. தேதியை மறுபடி பாருங்கள்: விண்டோஸ் 10-இன் நீட்டிப்பு முடியும் அதே நாள். 24எச்2 போட்டுக் கொடுத்துவிட்டு "இனிக் கவலையில்லை" என்று கிளம்பினால், அந்தக் கணினியும் நீட்டிப்பில் ஓடும் விண்டோஸ் 10 கணினியும் ஒரே நாளில் அநாதையாகும்.

தப்பிக்க வழி உண்டு. புதிய பதிப்பின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை இறக்கி, ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் பென்டிரைவ் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை இயக்கினால் கோப்புகள் அப்படியே இருக்க மேம்படும். இதைத் தெரிந்த ஒருவர் சுழற்சி தவறாமல் வந்து செய்ய வேண்டும். தனக்குத் தானே செய்துகொள்பவருக்கு இது சரி. அடுத்தவருடைய கணினியில் இதைச் செய்து கொடுத்தால், அந்தக் கணினி இருக்கும்வரை நீங்கள்தான் அதன் அப்டேட் சேவை. கோர் 2 டுவோ காலத்து இயந்திரம் என்றால் இந்தக் கேள்வியே இல்லை: 24எச்2 முதல் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் இல்லாத பிராசசரில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது.

குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்

பழைய கணினிகளுக்காகக் கூகுள் இலவசமாகத் தரும் இயங்குதளம் இது. நேர்மையாகச் சொன்னால், தானாக ஏறும் விஷயத்தில் மின்ட்டையும் மிஞ்சுவது இதுதான். இயங்குதளத்துக்கு இரண்டு பகிர்வுகள். ஒன்றில் நீங்கள் வேலை செய்யும்போது இன்னொன்றில் புதிய பதிப்பு எழுதப்படும், மறுதொடக்கத்தில் அதற்கு மாறிவிடும். அமைக்க எதுவுமில்லை. 4 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் போதும். ஆனால் டிஸ்க் முழுவதையும் அழித்துத்தான் உட்காரும், விண்டோஸை ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பிளே ஸ்டோர் கிடையாது. கூகுளின் சான்றளித்த பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி முடிவுத் தேதி உண்டு, அதைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். மின்னஞ்சல், வீடியோ, வலைத்தளம் தவிர வேறு வேலையில்லாத கணினிக்கு நல்ல தேர்வாகவே தெரிகிறது. மின்ட் அளவுக்கு நீண்டநாள் புழங்கிப் பார்க்காததால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

லினக்ஸ் மின்ட்

22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 64-பிட் பிராசசர், குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் என்று சொல்வார்கள். நிம்மதியாகப் புழங்க 4 ஜிபியும், கீழே சொல்லும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கும் (இயங்குதளத்தின் பிரதிகள்) சேர்த்து 60 ஜிபியாவதும் வையுங்கள். இயங்குதளம், பிரவுசர், ஆபீஸ் தொகுப்பு, பிடிஎஃப் வாசிப்பான் எல்லாவற்றுக்கும் ஒரே அப்டேட் மேனேஜர். பழைய கணினிகளில் ஆறு வருடப் பழைய பிடிஎஃப் மென்பொருள் ஒன்று அப்டேட் இல்லாமல் கிடக்கும் பாருங்கள், அந்த வகை ஓட்டை இங்கே தானாக மூடிவிடுகிறது.

ஆனால் மின்ட் போட்டதும் அப்டேட் தானாக ஏறும் என்று நினைத்தால் தவறு. அப்படியே விட்டால் பணிப்பட்டையில் கேடய வடிவ ஐகானில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். யாரும் கிளிக் செய்யாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். வானாக்ரை கதைதான். அதனால் நிறுவிய அன்றே மூன்று வேலை.

முதலில், ஸ்னாப்ஷாட் எடுத்துவைக்கும் கருவியான டைம்ஷிஃப்ட். ஆர்சிங்க் முறையைத் தேர்ந்து தினசரி 2, வாராந்தரம் 1 என்று வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் சிறிய எஸ்எஸ்டி நிறைந்துவிடும். டிஸ்க் நிறைந்தால் அப்டேட் நிற்கும். இது உங்கள் சொந்தக் கோப்புகளைச் சேமிக்காது, இயங்குதளத்தை மட்டும்தான். படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி பேக்கப் வேண்டும்.

இரண்டாவது, அப்டேட் மேனேஜரில் எடிட், பிரிஃபரன்சஸ், ஆட்டோமேஷன். அங்கே அப்டேட்டுகளைத் தானாக ஏற்றும் பொத்தானையும், பழைய கெர்னல்களை (இயங்குதளத்தின் கரு) நீக்கும் பொத்தானையும், ஃபிளாட்பேக் வடிவில் வரும் மென்பொருள்களைப் பயன்படுத்தினால் அதற்கான பொத்தானையும் இயக்குங்கள். இரண்டாவது பொத்தானை விட்டுவிடுவோர் அதிகம். டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தால் பூட் பகிர்வு தனியாக, சிறியதாக இருக்கும். பழைய கெர்னல்கள் சேரச் சேர அது நிறைந்து, ஒருநாள் கெர்னல் அப்டேட் பாதியில் தொங்கும்.

மூன்றாவது, ஃபயர்வால். மின்ட்டில் அது இருக்கிறது, ஆனால் அணைந்திருக்கும். ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும்.

பேட்டரி செத்த மடிக்கணினிகளில் ஒரு குறிப்பு. அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நின்றுவிடும். பூட் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ரிகவரி மோடைத் தேர்ந்தால் டிபிகேஜி என்றொரு வரி இருக்கும். அதை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெர்னல் மாறியபின் ஒருமுறை மறுதொடக்கம் செய்தால்தான் புதியது நடைமுறைக்கு வரும். மூடியை மட்டும் மூடி மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் பேட்ச் ஏறியும் பழைய கெர்னலிலேயே இருப்பார்கள்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, கேமரா, உறக்கத்திலிருந்து எழுவது, பிரின்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். வேகத்தை அங்கே எடைபோடாதீர்கள், பென்டிரைவின் வேகம்தான் அது. பிராட்காம் வைஃபை சில்லு என்றால் முதலில் வலை இல்லாமல் போகலாம். அப்போது கைபேசியை யுஎஸ்பியில் செருகி இணையத்தைப் பகிர்ந்து, டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரை ஏற்ற வேண்டும். மிகப் பழைய என்விடியா அட்டைகளுக்கு 390 வரிசை டிரைவர் தேவை, அது இந்தப் பதிப்பில் கிடைக்காது. திறந்தமூல டிரைவரான நூவோவிலேயே ஓட்ட வேண்டும். மேசை வேலைக்குப் போதும், விளையாட்டுக்கு ஆகாது. விண்டோஸ் டிரைவரை நம்பியே அச்சிடும் மலிவு லேசர் பிரின்டர்கள் தகராறு செய்யும். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதானால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணையுங்கள். இல்லையேல் விண்டோஸ் பகிர்வு பாதி உறக்கத்தில் கிடக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் மீட்புக் குறியீட்டை வேறிடத்தில் எழுதி வைக்காமல் பகிர்வைத் தொடாதீர்கள்.

விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருள் இல்லாமல் பிழைப்பில்லை என்றால்? விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஓடினால் அதிர்ஷ்டம். உறுதியான வழி, கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயக்கும் வெர்ச்சுவல்பாக்ஸில், மின்ட்டுக்குள்ளேயே பழைய விண்டோஸை ஏற்றி, 8 ஜிபியில் 4 ஜிபியை அதற்குக் கொடுத்து, நெட்வொர்க் அடாப்டரை எதனோடும் இணைக்காமல் விட்டுவிடுவது. கோப்புகள் பகிர்வுக் கோப்புறை வழியாக வந்துபோகும், இணையம் அதைத் தொடாது. அந்த மென்பொருளுக்கே இணையம் வேண்டும் என்றால், அல்லது யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும் என்றால், மின்ட்டை வலியுறுத்த மாட்டேன். நீட்டிப்பைப் போட்டுக்கொண்டு வேறு கணினிக்குப் பணம் சேர்ப்பதே வழி.

எதையும் மாற்றாமல் விண்டோஸ் 10-லேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், அன்றாடப் புழக்கத்துக்கு நிர்வாகி அல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பையும், பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி 1-ஐயும் அணைத்து, நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று மாற்றி, ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் தள்ளி வையுங்கள். அப்போது அதில் ஏதாவது நுழைந்தாலும், உள்நெட்வொர்க்கில் இருக்கும் மற்றக் கணினிகளுக்குத் தாவுவது கடினம். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

பதினைந்து வருடப் பழைய பயாஸுக்கு இந்த வழிகளில் எதுவும் மருந்தல்ல. பிராசசருக்கான திருத்தங்களை (மைக்ரோகோடு) மின்ட் பூட் ஆகும்போதே ஏற்றிவிடும், பலகையின் ஃபர்ம்வேருக்குத் தயாரிப்பாளர்தான் வழிவிட வேண்டும். கையோடு அவருடைய தளத்தில் கடைசியாக வெளியான பயாஸ் கோப்பைத் தேடிப்பாருங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் பயாஸ் அப்டேட் கருவி என்றால், மின்ட் போடுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.