லாகின் ஆகவில்லை என்றதும் ‘சர்வர் ஹேக் ஆயிடுச்சு’ என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

சர்வரை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக வெப்சைட் நடத்தும் மதுரைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எஸ்எஃப்டிபி (சர்வரில் ஃபைல் ஏற்றும் பாதுகாப்பான வழி) லாகின் வேலை செய்யவில்லை என்று ஒரு வெப் கம்பெனியைக் கூப்பிட்டோம். 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள், பாதியை முன்பணமாக வாங்கினார்கள், வேலை நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறை உண்டாக்கியதே அவர்கள்தான். பெயரைப் போடப் போவதில்லை. இதே வசனத்தைப் பேசுகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வசனத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

அக்கா வீட்டுக்காரர் விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிறார். திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஊர். கொலு பொம்மை, பிள்ளையார், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். பெரிய ஆன்லைன் தளங்களுக்குக் கமிஷன் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்பதால் தனியாக ஒரு சர்வர், அதில் வெப்சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ். பார்த்துக்கொள்வது நான். ஆடி பிறந்தால் புது செட்டுகளின் படங்களை ஏற்றியாக வேண்டும். ஆவணியில் ஆர்டர் வரத் தொடங்கிவிடும். மொத்தமாகப் படம் ஏற்ற எஸ்எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஜில்லாதான் வசதி.

முதலில் வந்தது சின்னப் பிரச்சினை. வேர்ட்பிரஸுக்குள்ளிருந்து படம் ஏற்றினால், ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்று வந்தது. அந்த வெப் கம்பெனிக்காரர்களுக்கு ரூட் அனுமதி, அதாவது சர்வரில் எதையும் செய்யும் முழு உரிமை, கொடுத்தோம். உள்ளே போய் கொஞ்ச நேரத்தில் சரி செய்துவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். படமும் ஏறியது, மச்சானுக்குச் சந்தோஷம். மறுநாள் காலையில் ஃபைல்ஜில்லாவைத் திறந்தால் லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, அடுத்த நொடியே சர்வர் தொடர்பைத் துண்டித்துவிட்டது என்று சிவப்பு வரி ஒன்று வருகிறது. எத்தனை தடவை முயன்றாலும் அதேதான்.

இதைச் சொன்னதும் அவர்களிடமிருந்து வந்த பதில்: “சார், உங்க சர்வர் ஹேக் ஆயிருக்கு. உடனே புது சர்வருக்கு மாத்தணும், இல்லைன்னா டேட்டா எல்லாம் போயிடும்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். “பாஸ்வேர்டு கரெக்டா இருக்கு, ஆனா உள்ள விடலைன்னா வேற என்ன சார் அர்த்தம்?”

சைட் நன்றாகத் திறக்கிறது, ஆர்டர் கூட வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. புது சர்வர் அவர்களுடையதாம். டொமைனையும் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) அவர்கள் கணக்குக்கு மாற்ற டிரான்ஸ்ஃபர் கோடு வேண்டுமாம். சீசன் நேரத்தில் சைட் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மச்சான் பயந்துபோய் அன்று சாயங்காலமே 9,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டார். நல்லவேளை, கோடு என் கையில் இருந்தது.

அப்புறம் வழக்கமான கதை. போனை எடுத்தால் “டெக்னிக்கல் டீம் பாத்துட்டு இருக்காங்க”, எடுக்காவிட்டால் ஒன்றுமில்லை. நான்கைந்து நாள் இழுத்தடித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார்கள்: புது சர்வரில் எங்களுக்கு ஃபைல் லாகின் கிடையாது, படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்களே ஏற்றுவார்கள், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு, எல்லாம் ‘செக்யூரிட்டி’க்காக. நம் கடைச் சாவியை அவர்கள் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட நம்மிடமே கூலி கேட்கிறார்கள்.

வடபழஞ்சியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “லாக் என்ன சொல்லுதுண்ணே?” லாக் என்பது சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவேடு. சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பக்கத்திலேயே பிரவுசர் வழியாக கன்சோல் (கமாண்ட் தட்டும் திரை) திறக்கலாம், எஸ்எஃப்டிபி வேலை செய்யாவிட்டாலும் அது வேலை செய்யும். அதில் நுழைந்து ஆத் லாக் ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டினாள். உபுண்டு, டெபியன் சர்வர்களில் லாகின் சங்கதியெல்லாம் அங்கேதான் பதிவாகும். அந்த ஃபைல் இல்லாவிட்டால் ஜர்னல்சிடிஎல் என்ற கமாண்டில் பார்க்கலாம். முதல் வரியில் ‘அக்செப்டட் பாஸ்வேர்டு’, அடுத்ததில் ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சிஎச்ரூட் டைரக்டரி’ என்று பளிச்சென்று இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் எஸ்எஃப்டிபி யூசர் ஒரு ஃபோல்டருக்கு வெளியே போக முடியாதபடி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார். அதற்குப் பெயர் சிஎச்ரூட். அப்படி அடைக்கும் ஃபோல்டரும் அதற்கு மேலே உள்ள ஃபோல்டர்களும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அவற்றில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. எஸ்எஃப்டிபி லாகினைக் கவனிக்கும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் இதில் கறார். அனுமதி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும், உள்ளே விடாமல் துண்டித்துவிடும். கம்பெனிக்காரர்கள் படம் ஏறவில்லை என்பதற்காக மேல் ஃபோல்டரிலிருந்து அடிவரை எல்லாவற்றுக்கும் 777 போட்டிருக்கிறார்கள், அதாவது சர்வரில் உள்ள எந்த யூசரும் எதையும் எழுதலாம். ரூட்டின் கமாண்ட் ஹிஸ்டரியில் அந்த வரி அப்படியே கிடந்தது. ஃபைல், ஃபோல்டர் விவரம் காட்டும் ஸ்டாட் கமாண்டில் பார்த்தால் ஃபோல்டரின் அனுமதி கடைசியாக மாறியது அவர்கள் வேலை பார்த்த அதே சாயங்காலம்.

கை வைப்பதற்கு முன் இவற்றையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாள். திருத்திய பிறகு ஸ்டாட் காட்டும் நேரமும் மாறிவிடும், சாட்சி போய்விடும். அப்புறம் மேல் ஃபோல்டரை 755 ஆக்கினாள், அதாவது உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்க மட்டும் செய்யலாம். உடனே லாகின் ஆனது. உள்ளே ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644, பாஸ்வேர்டுகள் இருக்கும் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலுக்கு மட்டும் 640, அதாவது வெளி யூசர்கள் படிக்கவும் முடியாது. படங்கள் போகும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் வெப் சர்வரின் குரூப்புக்கு எழுதும் அனுமதி. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது ஒன்றுதான். ஹேக் ஆனதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஆனால் 777ஐ அப்படியே விட்டிருந்தால் ஹேக் ஆக வழி திறந்துதான் இருந்திருக்கும்.

உங்கள் லாகின் சிக்கல் வேறாகவும் இருக்கலாம். வரும் செய்தியைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். எஃப்டிபிக்கு போர்ட் 21, எஸ்எஃப்டிபிக்கு 22. எஃப்டிபிஎஸ் என்பது எஃப்டிபிக்கே பாதுகாப்பு சேர்த்தது, எஸ்எஃப்டிபி அல்ல. ஃபைல்ஜில்லாவில் புரோட்டோகாலை (இவற்றில் எந்த வழி என்பதை) தவறாகத் தேர்ந்தெடுத்தால் இணையாது, இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ அல்லது ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு தடவை முயன்று பாருங்கள். அதில் இணைந்தால் உங்கள் வீட்டு இணைய முகவரியை (ஐபி), தவறான லாகின் முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் மென்பொருள் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்றாமல் விட்டிருந்தால் ஐந்து தவறான முயற்சிக்குப் பத்து நிமிடத் தடைதான், டீ குடித்துவிட்டு வந்தால் தானே திறக்கும். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஃபைல் வைத்து நுழைபவர்களுக்கு ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் சர்வரில் உள்ள எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதற்குள் ஆதரைஸ்டு கீஸ் (அனுமதித்த சாவிகளின் பட்டியல்) ஃபைலுக்கு 600 இருக்கிறதா பாருங்கள், இரண்டும் உரிமையாளருக்கு மட்டுமான அனுமதி. உபுண்டு 22.04க்கு மாறியதும் பழைய மென்பொருளில் ஆர்எஸ்ஏ வகைச் சாவி வேலை செய்யவில்லை என்றால், 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல் சாவியை நிரூபிக்கும் பழைய எஸ்எச்ஏ-1 முறைக் கையெழுத்தைத் தானாக ஏற்பதில்லை என்பதே காரணமாக இருக்கலாம். உங்கள் பக்கத்து மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்வரின் அடையாளச் சாவியான ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் நிதானியுங்கள். சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தால் அது இயல்பு. யாரும் நிறுவவில்லை என்றால், விசாரிக்காமல் ஓகே அழுத்தாதீர்கள்.

வெளியாட்களை அனுப்பிவிட்ட பிறகு செய்ய வேண்டிய வேலையும் உண்டு. ரூட்டின் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் ஒரு வரிக்கு ஒரு சாவி. எங்களதில் அவர்கள் சாவி இன்னும் இருந்தது, வரிக் கடைசியில் அவர்கள் லேப்டாப்பின் பெயரோடு. அதை நீக்கினோம், டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் அட்மின் பாஸ்வேர்டுகளை மாற்றினோம், அட்மின் பட்டியலில் ‘சப்போர்ட்’ என்று அவர்கள் உருவாக்கி வைத்திருந்த கணக்கையும் எடுத்தோம். சாவியை நீக்கும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் உங்கள் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வேலை ஆரம்பிச்சாச்சு சார், ரீஃபண்ட் பாலிசி இல்லை” என்றார்கள். பில் கேட்டால் பதில் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து எழுத்தில் கேட்டிருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்தாயிற்று. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

மச்சான் தெருவிலேயே இன்னும் சிலர் இதே கம்பெனியிடம் சைட் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் விசாரித்தால் டொமைன் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. நீங்களும் அவர்களிடம் மாட்டியிருந்தால் சண்டை போடுவதற்கு முன் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இல்லை என்றால் பேச்சை அங்கிருந்து, வாட்ஸ்அப்பில், எழுத்தில் ஆரம்பியுங்கள். சைட்டின் முழு பேக்கப்பையும் டேட்டாபேஸையும் வாங்கிக்கொண்ட பிறகு மற்றதைப் பேசலாம்.