அறையைப் புதுப்பிக்கும்போது டிஷ் கேபிள்: ஊட்டி, குன்னூர் வீடுகளுக்கு எந்த ஆர்ஜி-6?

டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளின் வகைப் பெயர் ஆர்ஜி-6. கடையில் அதைக் கேட்டால் பொதுவாக மூன்று சுருள் எடுத்துக் காட்டுவார்கள்: நடுக்கம்பி முழுச் செம்பு, செம்பு பூசிய எஃகு, வெளிப்புறத்துக்கான ஜெல்லி நிரப்பிய கறுப்பு. கடைக்காரர் முதலாவதைத்தான் உயர்த்திப் பேசுவார். நீலகிரியில் கூடுதல் காசு போட வேண்டியது மூன்றாவதுக்கு.

டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் சில மைக்ரான் கனத்தில்தான் ஓடும். உள்ளே இருப்பது எஃகா செம்பா என்பது சிக்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. முழுச் செம்பு உதவுவது, எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் சிக்னல் வாங்கி) செட்டாப் பாக்ஸ் அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட் டிசிக்கு மட்டும். 13 போனால் சேனல்களில் ஒரு பகுதி வரும், 18 போனால் மறுபகுதி. 1.02 மி.மீ. செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 21 ஓம். எஃகு வகையில் 90 ஓமை ஒட்டி வரும். ஆனால் 25 மீட்டர் தூரத்துக்கு எல்என்பி 200 மில்லியாம்பியர் இழுத்தாலும் நடுக்கம்பியில் போவது அரை வோல்ட்டுக்குள்தான். எஸ்டேட் பங்களா போல டிஷ் தோட்டத்தில், டிவி மறுகோடியில், நடுவே 50 மீட்டரையும் தாண்டும் என்றால் கதை மாறலாம்: 18 வோல்ட் இறங்கி 13 போலத் தெரிந்தால் சேனல்களில் ஒரு பகுதி மட்டும் காணாமல் போகும். அங்கே முழுச் செம்பு, இன்னும் தூரம் என்றால் அதைவிடத் தடித்த ஆர்ஜி-11. எது எஃகு என்று பார்க்க ஒரு காந்தம் போதும், ஒட்டினால் எஃகு. எஃகில் ஒரு வசதியும் உண்டு. கேபிள் முனையில் மாட்டும் திருகு வகை எஃப் கனெக்டரில் நடுக்கம்பியேதான் பின். செம்பு சுலபமாக மடங்கிவிடும், எஃகு நிமிர்ந்து நிற்கும்.

ஃபினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ் எல்லாரும் ஆர்ஜி-6 விற்கிறார்கள். பெயரைவிட உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: 75 ஓம், பின்னல் (நடுக்கம்பியை மூடிய நுரைக்கு மேல் இருக்கும் உலோக வலை) அடர்த்தி, மீட்டர் எண். பின்னல் 60 சதவீதமாவது இருக்கட்டும். செல்போன் டவர் பக்கத்தில் இருந்தால் நான்கு அடுக்குக் கவசம் எடுக்கலாம், 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி சிக்னலும் டிஷ் சிக்னலும் ஒரே வீச்சில்தான் விழுகின்றன. அதன் தடிமன் வேறு, கனெக்டரும் அதற்கென்று தனியாக வாங்க வேண்டும். சுருளின் தொடக்க, முடிவு மீட்டர் எண்களைக் கழித்துப் பார்த்தே பணம் கொடுங்கள்.

இனி தண்ணீர். இங்கே கேபிளைக் கெடுப்பது அதுதான். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. மழை விட்டாலும் மூடுபனி விடாது. வெள்ளை பிவிசி உறை மலைவெயிலில் வெடிக்கிறது, வெடிப்பில் ஈரம் இறங்குகிறது, அலுமினியப் பின்னல் சாம்பல் பொடியாகிறது. பின்னலின் நூல் இடைவெளி வழியாகவே தண்ணீர் மீட்டர் கணக்கில் ஊர்ந்து உள்ளே வரும். அதோடு டிசி மின்சாரமும் சேரும்போது நடுக்கம்பி பச்சை பூத்துவிடும். மழையில் போய் வெயிலில் திரும்பும் சிக்னல் என்றால் டிஷ்ஷைத் திருப்பும் முன் எல்என்பி முனையின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஜெல்லி வகையில் பின்னலைச் சுற்றிப் பசை இருப்பதால் ஈரம் ஊர வழியில்லை. உறையும் வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎத்திலீன். குறை, கையெல்லாம் பிசுபிசுக்கும், கனெக்டர் போடும் முன் துடைத்தெடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் முகம் சுளிப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியே ஜெல்லி கறுப்பு, அறைக்குள் சாதா வெள்ளை. இரண்டும் சேர வேண்டிய இடம் சுவருக்கு உள்பக்கம் உள்ள பெட்டி. சேர்க்கும் ஜாயின்ட்டர் 3 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். பழைய கேபிள் டிவி சாமான் 1 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

சுவரில் துளை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கட்டும். பழைய கற்சுவர் கனமானது, நீள டிரில் பிட் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கேபிள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் கொடுத்து மேலேற்றினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். துளையில் சிலிக்கோன்.

எந்தச் சுவர்? ஊட்டியிலிருந்து 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 (டிடி ஃப்ரீ டிஷ்) தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 66 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் எதிர்மலை மறைப்பது அபூர்வம். வீட்டோரத்து சில்வர் ஓக் மறைக்கும். குரங்கு ஏறி ஆட்டாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் கேபிள் போக 25 மி.மீ. கண்டூட் குழாய், கரண்ட் பைப்பிலிருந்து ஓரடி தள்ளி. குறுக்கே வெட்ட வேண்டிய இடத்தில் நேர்செங்கோணமாக. மூலையில் எல்போ வேண்டாம், நீள வளைவு போடுங்கள். கேபிளின் வளைவு ஆரம் 7 செ.மீ.க்குக் குறைந்தால் உள்நுரை நசுங்கும். ஒரு கேபிளோடு நிறுத்தாமல் இரண்டு இழுத்துவிடுங்கள். ஒரு சாதா எல்என்பியைப் பிரித்து இரண்டு செட்டாப் பாக்ஸுக்குக் கொடுத்தால் ஒன்று 13 கேட்கும், மற்றது 18 கேட்கும். இரண்டாவது டிவிக்கு இரட்டை எல்என்பியும் தனிக் கேபிளும் வேண்டும். பிளேட்டில் திருகு எஃப் சாக்கெட். சொருகும் வகை டிவி சாக்கெட்டுகளில் சில டிசியைக் கடத்துவதில்லை.

கனெக்டரில் கஞ்சத்தனம் கூடாது. கையால் திருகி மாட்டும் வகையைத் தொடவே வேண்டாம். ரப்பர் வளையமுள்ள கம்ப்ரஷன் வகையும் அதற்கான கருவியும்தான். மேலுறையை 12 மி.மீ. உரித்து, பின்னலைப் பின்னால் மடித்து, நடுக்கம்பியை 6 மி.மீ. வெளியே விட்டு, வெள்ளை நுரை கனெக்டரின் உள்தளத்தோடு சமமாகும்வரை தள்ளி அழுத்துங்கள். ஒரே ஒரு பின்னல் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கையால் இறுக்கியபின் 11 மி.மீ. ஸ்பேனரில் கால் சுற்று. வெளி முனைக்கு மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.

பூச்சு போடும் முன் மல்டிமீட்டர் வையுங்கள். மறுமுனை திறந்திருக்கையில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. மறுமுனையில் அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் சில ஓம் காட்ட வேண்டும். பலகை சீலிங் அடிக்கும் வீடு என்றால் தச்சர் ஆணியடித்து முடித்தபின் இதே சோதனையை மறுபடி செய்துவிட்டுப் பெயின்டரைக் கூப்பிடுங்கள்.