செங்கல் சூளைப் பக்கம்: மாமரமா, அரளியா?

இலை: மாவின் இலைத்துளைகளுக்கு (இலைக்குள் காற்று போய்வரும் நுண்துளைகள்) மறைப்பில்லை. அரளியில் அவை இலையின் அடியில், ரோமம் அடர்ந்த குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். மேலே தடித்த மெழுகுத்தோல் வேறு. சூளைப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு வாயு உள்ளே போவதே சிரமம்.

சேதம்: சூளைப் புகை பட்டால் மாங்காயின் நுனி முதலில் மஞ்சளாகும், பிறகு கறுத்துப் போகும், காய் பிஞ்சிலேயே உதிரும். போராக்ஸ் (வெண்காரம்) கரைசல் தெளித்தால் ஓரளவு குறையும். அரளி பூத்துக்கொண்டே இருக்கும்.

செலவு: அரளிக்கு ஒடித்து நட்ட குச்சி போதும். மாவுக்கு ஒட்டுக்கன்று வாங்க வேண்டும்.

ஆபத்து: அரளி முழுக்க விஷம். நெடுஞ்சாலை நடுவே சரி, ஆடுமாடு மேயும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

பழம்தான் வேண்டுமென்றால், சூளையை விட்டு இரண்டு கிலோமீட்டராவது தள்ளி மா வையுங்கள். புகைக்கு வேலிதான் தேவையென்றால் அரளி.