ஆறாம் பதிப்பா, ஓல்டு வேர்ல்டா? என் படை 2000-லேயே நிற்கிறது

வார்ஹேமர் என்பது சிறு பொம்மை வீரர்களை மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. அதில் என்னிடம் எம்பயர் எனும் மனிதப் படை இருக்கிறது. ஹால்பர்டு எனும் கோடரி ஈட்டி ஏந்திய காலாட்கள் 40 பேர், துப்பாக்கிக்காரர்கள் 20 பேர், குதிரை வீரர்கள் 8 பேர், ஒரு பீரங்கி. எல்லாம் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வண்ணம் தீட்டியவை. 2024 ஜனவரியில் 'வார்ஹேமர்: தி ஓல்டு வேர்ல்டு' என்ற புதிய விதிகள் வெளிவந்ததும், இந்தப் படையை இனி எந்த விதியில் ஆடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. என்னோடு ஆடும் நண்பரிடம் இருப்பது ஓர்க் எனும் கற்பனைப் பூதங்களின் படை. புதியதில் ஐந்து ஆட்டம் ஆடிப் பார்த்தோம். அப்புறம் இருவருமே பழைய விதிகளான வார்ஹேமர் ஃபேன்டஸி பேட்டிலின் ஆறாம் பதிப்புக்குத் திரும்பிவிட்டோம். அது வந்தது 2000-ஆம் ஆண்டில்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓல்டு வேர்ல்டு கடையில் புதிதாகக் கிடைக்கிறது, ஆட ஆள் கிடைப்பது எளிது, போட்டிகளும் நடக்கின்றன. ஆறாம் பதிப்பின் புத்தகங்களைப் பழைய பிரதிகளாகத்தான் தேடி வாங்க வேண்டும். மந்திரத்தில் புதியதே மேல் என்பேன்: தனிக் கட்டமாக ஒதுங்கி நிற்காமல் ஆட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. பழையதில் மந்திரக் கட்டம் வந்தால் ஒருவர் பகடைகளை எண்ணிக்கொண்டிருக்க, மற்றவர் காத்திருப்பார்.

இனி வித்தியாசங்களுக்கு வருவோம். ஆறாம் பதிப்பில் தாக்குதலை அறிவிக்கும் முன் தூரம் அளக்கும் டேப்பை எடுக்கக் கூடாது. கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். மனிதக் காலாளின் நகர்வு 4 அங்குலம், தாக்கும்போது அதன் இரட்டிப்பு, 8. எதிரி எட்டரை அங்குலத்தில் இருந்தால் என் ஆட்கள் பாதி வழியில் நின்று, அடுத்த முறை அவனிடம் அடி வாங்குவார்கள். பீரங்கிக்கும் தூரத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஓல்டு வேர்ல்டில் எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். தாக்கும்போது இரண்டு பகடை உருட்டி, அதில் பெரியதை நகர்வோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நியாயமான விதிதான், சண்டைக்கும் இடமில்லை. ஆனால் பழையதில் தூரத்தைக் கணிப்பது என் திறமையாக இருந்தது. இருபது ஆட்டம் ஆடினால் 8 அங்குலம் என்பது கண்ணில் பதிந்துவிடும். அந்தத் தேர்ச்சி வருவதை உணர்வதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னொன்று, படை உடைவது, அதாவது மோதலில் தோற்ற அணி பயந்து ஓடுவது. என் 20 காலாட்கள் ஓர் ஓர்க் அணியோடு முட்டி நிற்கிறார்கள். துணை அணியாக வைத்த 10 பேர் பக்கவாட்டில் பாய்கிறார்கள். ஆறாம் பதிப்பில் மோதலில் யார் வென்றது என்று எண்ணும்போது, அந்தப் பாய்ச்சலால் எதிரியின் பின்வரிசைகளுக்கான 3 புள்ளிகள் போய்விடும், எனக்குப் பக்கவாட்டுக்காக ஒன்று கூடும். அப்படி 4 வித்தியாசத்தில் ஓர்க்குகள் தோற்றால், அவர்கள் நிலைத்து நிற்பார்களா என்று சோதிக்கும் எண்ணான தலைமைத்துவம் 7-இலிருந்து 3-க்கு இறங்குகிறது. இரண்டு பகடையில் 3 அல்லது அதற்குக் கீழே விழ, 12-இல் ஒரு வாய்ப்பு. மற்றபடி ஓட்டம்தான். ஓல்டு வேர்ல்டில் அதே தோல்விக்குப் பிறகும், பகடையில் நேரடியாக 7-க்குள் விழுந்துவிட்டால் அணி உடைவதில்லை, ஒழுங்கோடு பின்வாங்கும். போர்க்களம் உண்மையில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நண்பர் வாதிடுவார். இருக்கலாம். ஆனால் நாலு சுற்று பொறுமையாக நகர்த்திப் பக்கவாட்டைப் பிடித்தவனுக்கு, பழைய விதி அதற்குரிய பலனை முழுசாகக் கொடுக்கிறது.

இவ்வளவும் ரசனை சார்ந்தது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு: பராமரிப்பு.

பேஸ், அதாவது ஒவ்வொரு பொம்மையும் ஒட்டப்பட்டிருக்கும் அடித்தட்டு, அதன் அளவிலிருந்து தொடங்கலாம். ஆறாம் பதிப்பில் மனிதக் காலாட்களுக்கு 20 மி.மீ சதுரம், ஓர்க்குகளுக்கு 25, குதிரை வீரர்களுக்கு 25-க்கு 50. ஓல்டு வேர்ல்டில் இவை 25, 30, 30-க்கு 60 என்று பெரிதாகிவிட்டன. ஐந்து பேர் அகலத்தில் நிற்கும் அணியின் முகப்பு 100 மி.மீ-இலிருந்து 125 ஆகிறது. யார் யாரைத் தொடுகிறார்கள், எந்த இடுக்கில் நுழைய முடியும் என்பதெல்லாம் முகப்பைப் பொறுத்தது. அதனால் இதை அப்படியே விட்டுவிட முடியாது. ஒரே ஓர் அணியை மட்டும் நான் மாற்றிப் பார்த்தேன். 20 பேரையும் பெயர்த்து, புதிய பேஸில் ஒட்டி, மணல் போட்டு, மறுபடி வண்ணம் அடிக்க நான்கு மாலைகள் ஆயின. மூன்று ஹால்பர்டுகள் முறிந்தன. மீதிப் படையையும் நினைத்துப் பார்த்தபோது கை ஓடவில்லை. பழைய பேஸை அப்படியே செருகிக்கொள்ளும் இடைவெளித் தட்டுகள் உண்டு, பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்கும்படி நான் அடுக்கிய வரிசை அதில் பல் விழுந்தது போலத் தெரிகிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது புத்தகம். ஓல்டு வேர்ல்டில் விதிநூல் ஒன்று, எனக்கு 'ஃபோர்சஸ் ஆஃப் ஃபேன்டஸி', நண்பருக்கு 'ரேவனிங் ஹோர்ட்ஸ்', அதன் மேல் படைக்கு ஒன்றாக வரும் 'ஆர்கேன் ஜர்னல்' எனும் துணைநூல்கள், பிறகு அவ்வப்போது வரும் திருத்தங்கள். உயிரோடு இருக்கும் எந்த விளையாட்டும் இப்படித்தான் இருக்கும், இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆறாம் பதிப்பு வெளிவந்தபோதும் 'ரேவனிங் ஹோர்ட்ஸ்' என்றே ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. அன்றைய படைகளின் பட்டியல்கள் அந்த ஒன்றிலேயே அடங்கியிருந்தன. எங்கள் இருவருக்கும் அதுவும் விதிநூலும் போதும். நாங்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்கள். இடையில் எது மாறியது என்று படித்துவிட்டு மேசைக்கு வர எங்களால் முடியவில்லை. 2006-இல் ஏழாம் பதிப்பு வந்ததோடு ஆறாம் பதிப்பில் கை வைப்பது நின்றுவிட்டது. போன வருடம் கற்றது இந்த வருடமும் செல்லும். மூன்று மாதம் ஆடாமல் விட்டாலும் புத்தகத்தைத் திறக்காமலே தொடங்கிவிடுகிறோம்.

ஆறாம் பதிப்பில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. துப்பாக்கிகளும் மின்னல் மந்திரமுமாக நிரப்பிய ஸ்கேவன் எனும் எலி மனிதர் படை அன்றே கெட்ட பெயர் எடுத்தது. அதைச் சரிசெய்ய இனி யாரும் வரப்போவதில்லை, எதிரில் இருப்பவரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். எங்கள் மேசையில் எம்பயரும் ஓர்க்கும் மட்டுமே மோதுவதால் அந்தத் தொல்லையை நான் நேரில் பட்டதில்லை. போட்டிகளில் ஆடியதும் இல்லை. ஓல்டு வேர்ல்டில் என் அனுபவம் அந்த ஐந்து ஆட்டம்தான். ஐம்பது ஆடியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

இன்று முதல் பெட்டியை வாங்கப் போகிறவருக்கு ஓல்டு வேர்ல்டையே சொல்வேன். பேஸ் சரியான அளவில் கூடவே வரும், ஆட ஆளும் கிடைப்பார்கள். ஸ்கேவனோ, ரத்தக்காட்டேரிகளின் படையான வேம்பயர் கவுன்ட்ஸோ வைத்திருப்பவர் மட்டும் ஒரு முறை யோசிக்கட்டும். ஓல்டு வேர்ல்டில் அவற்றுக்கு இலவச பிடிஎஃப் பட்டியலோடு சரி, மற்றப் படைகளுக்குக் கிடைக்கும் கவனிப்பு கிடையாது. ஆறாம் பதிப்பில் அவை மற்ற எல்லாவற்றோடும் சமமாக நிற்கின்றன.

அலமாரியில் ஏற்கெனவே 20 மி.மீ பேஸில் படை நிற்கிறது, ஆட ஒரே ஒரு ஆளும் இருக்கிறார் என்றால், ஆறாம் பதிப்பு. எங்களுக்குள் இப்போது மிச்சமிருக்கும் விவாதம் புள்ளி, அதாவது ஒரு படையின் மொத்த மதிப்பு பற்றியது. 2000 புள்ளியைத் தொட்டால்தான் அந்த விதியில் லார்டு நிலைத் தலைவனைச் சேர்க்க முடியும். நண்பர் தன் ஓர்க் தலைவனான வார்பாஸுக்குச் சட்டித் தொப்பி முதல் செருப்பு வரை வண்ணம் தீட்டி முடித்துவிட்டார். நான் 1999 புள்ளியைத் தாண்ட இன்னும் சம்மதிக்கவில்லை.